எந்நேரமும் கை சில்லிடுகிறது, தோலும் வெடிக்கிறது

வணக்கம். திருகோணமலையில் மீனுக்கு ஐஸ் போடும் வேலை எனக்கு. விரல் மடிப்பெல்லாம் வெடிப்பு, உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். மார்கழி மழையோடு இன்னும் மோசம்.

முன்பு வீடு வந்ததும் கையைச் சுடுதண்ணீரில் வைப்பேன். (கன்னியா வெந்நீர்க் கிணறுகள் 7இலும் ஊற்றிப் பார்த்தாயிற்று!) சூடு தோலின் எண்ணெயைக் கழுவிவிடும் என்று டொக்டர் சொன்னதும் விட்டேன். இப்போது கை கழுவி ஈரம் காயும் முன்பே வசலின், இரவில் பருத்திக் கையுறை. கொஞ்சம் பரவாயில்லை.

ஆனால் குளிரில் விரல் நுனி வெளுத்து, அப்புறம் நீலமாகிறது. இரத்தச்சோகை, தைராய்டு இரண்டும் இல்லை, ரேனோ (குளிரில் விரலின் இரத்தக் குழாய் சுருங்கிவிடும் நோய்) என்கிறார்கள். இதோடு ஐஸில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ரப்பர் கையுறைக்குள் என்ன போடுகிறீர்கள்? எனக்கு உள்ளே வியர்த்து, அந்த ஈரமே குளிர்கிறது.