கடைவீதிக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குச் சோலார் பலகைகளை ஏற்ற வழி தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் குறுகலான கடைவீதி ஒன்றிலுள்ள மூன்று மாடி வணிகக் கட்டடத்தின் மேல், 30 கிலோவாட் சோலார் அமைப்பை நிறுவும் பணியை ஏற்றிருக்கிறேன். 540 வாட் பலகைகள் 56. ஒவ்வொன்றும் சுமார் 28 கிலோ எடையும் ஏழரை அடி நீளமும் கொண்டவை என்பதால், மூன்றடிப் படிக்கட்டின் திருப்பத்தில் அவற்றைத் திருப்ப இயலவில்லை. கேபிளைப் பற்றிக் கவலையில்லை. கேபிள் சுற்றிய டிரம்மைக் கீழேயே, அது சுழலும்படி தாங்கும் ஜாக்கியில் நிறுத்தி, கேபிளை மட்டும் கயிறு கட்டி மேலே இழுத்துவிடலாம்.

வீதிப் பக்கம் கட்டடத்தை ஒட்டி உயரழுத்த மின்கம்பி செல்கிறது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்தாமல் அங்கே கிரேனை நிறுத்த நான் உடன்படமாட்டேன். ஆகவே பின்புறச் சந்தின் வழியாக மோட்டார் வின்ச் (கயிற்றைச் சுற்றிப் பாரத்தைத் தூக்கும் பொறி) வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு பலகைகளாக ஏற்றலாம் என எண்ணுகிறேன். ஆனால் பழைய செங்கல் கைப்பிடிச்சுவரின் மீது அந்தப் பாரத்தைச் சுமத்த மனம் ஒப்பவில்லை.

சுவரைத் தொடாமல், தளத்தில் எதிர் எடை வைத்து நிற்கும் வின்ச் தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பகுதிகளில் வாடகைக்குக் கிடைக்குமா? எதிர் எடையைத் தூணுக்கு நேர்மேலே வைத்தால் போதுமா, அல்லது உத்திரத்தின் நீளத்துக்குப் பரப்பி வைக்க வேண்டுமா? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கண்ணாடிப் பலகை சுழலாதிருக்க வழிகாட்டுக் கயிற்றை எங்கே கட்டுவீர்கள் என்பதையும், இத்தகைய வேலையைச் செய்து முடித்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.