பல்சர் 150 பின் டயர்: பழைய 100/90-ஏ போதுமா, கடையில் சொல்ற 120/80 போடலாமா?

காட்பாடி_பல்சர்:
வணக்கம். வண்டி 2016 பல்சர் 150, சிங்கிள் டிஸ்க், பின்னாடி டிரம். பின் டயர் 100/90-17, நடுவுல மொட்டை ஆயிடுச்சி, ஓரத்துல மட்டும் பட்டன் இருக்குது. தினமும் காட்பாடியிலேர்ந்து திருவலம் வழியா ராணிப்பேட்டை சிப்காட், போக வர 50 கி.மீ. பக்கம். கரும்பு சீசன்ல அம்முண்டி மில்லுக்குப் போற டிராக்டர், மீதி நாள்ல ஜல்லி லாரி, ரோட்டு ஓரம் பூரா மண்ணு. எப்பனா ரெண்டு பேரா ஏலகிரி. கடைக்காரர் 120/80-17 போடு, கிரிப்பு நல்லா இருக்கும், பாக்கவும் கெத்தா இருக்கும்னு சொல்லினு இருக்காரு. போடலாமா? இன்னா கம்பெனி, இன்னா பட்டன் பாத்து வாங்கறது?

நாலாவது_கியர்:
120 வேண்டாம். அதே 100/90-17 போடுங்க.

அந்த எண்களை முதல்ல பிரிச்சுப் பாருங்க. 100 என்பது அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது அந்த அகலத்தில் 90 சதவீதம் உயரம். 17 என்பது ரிம், அங்குலத்தில். 17 அங்குலம் 431.8 மி.மீ. அதோடு மேலும் கீழும் 90 சேர்த்தால் மொத்த விட்டம் 611.8 மி.மீ. 120/80-ல் உயரம் 96, விட்டம் 623.8. அதாவது 12 மி.மீ. பெரிசு, கிட்டத்தட்ட 2 சதவீதம். கியர் விகிதம் அந்த அளவுக்கு உயரும், டயர் எடையும் கூடும். இழுவையும் மைலேஜும் குறைவது அதனால்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ரிம். 100 டயருக்குக் கொடுத்த ரிம்மில் 120-ஐப் போட்டால் ரெண்டு பக்கச் சுவரும் உள்ளே இழுத்துக்கும், நடுப்பகுதி முட்டை மாதிரி மேலே எழும்பும். காசு கொடுத்து அகலம் வாங்கியும் நேர் ரோட்டில் தரையில் படுவது அதே ஒல்லிப் பட்டைதான், நடுவும் சீக்கிரம் தேயும். ரிம் அகலம் அலாய் ஆரத்தின் உள்பக்கம் வார்ப்பிலேயே இருக்கும். 17 பக்கத்தில் 2.15, 2.50 என்கிற மாதிரி எண் தேடுங்க. அதே இடத்தில் எம்.டி. (MT) என்று இருந்தால் டியூப்லெஸ் ரிம், டபிள்யூ.எம். (WM) என்று இருந்தால் டியூப் ரிம். அலாய் என்றாலே டியூப்லெஸ் என்று பலர் நினைச்சுக்கறாங்க, அப்படி இல்லை. எம்.டி. ரிம்மில் டயர் விளிம்பு நழுவாமல் பிடிக்க ஒரு மேடு ஓடும். டபிள்யூ.எம்-மில் அது கிடையாது, வால்வு மாட்டி காத்து நிக்கிற மாதிரி செஞ்சுட்டாலும் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது விளிம்பு விட்டு மொத்தக் காத்தும் போயிடும்.

அடுத்தது சுமை. பக்கச் சுவரில் 55பி (55P) என்று இருக்கும். 55 என்றால் 218 கிலோ, பி என்றால் 150 கி.மீ. வேகம் வரை. உங்க வண்டி 145 கிலோ பக்கம், ரெண்டு பேர் 140 கிலோ என்று வைங்க. மொத்தத்தில் மூணில் ரெண்டு பங்கு பின்னால் விழுந்தாலும் 190 கிலோதான். அதனால் 100/90-17 55பி தாராளம். இதைவிடக் குறைஞ்ச எண் உள்ளதை மட்டும் வாங்காதீங்க.

பட்டன் விஷயம். உங்க ஓட்டம் முழுக்க தார் ரோடு. நடுவில் கட்டியாக, கிட்டத்தட்ட இடைவெளி இல்லாமல் ரப்பர் ஓடி, அதிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாகக் கால்வாய் போகிற பேட்டர்ன் போதும். கட்டை கட்டையாக, இடைவெளி அதிகமாக இருப்பது மண் ரோட்டுக்கு. அதைத் தாரில் போட்டால் சத்தமும் அதிர்வும்தான் மிச்சம். எம்.ஆர்.எஃப்., சியட், டி.வி.எஸ். யூரோகிரிப், மிஷ்லின் எல்லாத்திலும் இந்த வகை கிடைக்கும். அதிகம் ஓடணும்னா கெட்டி ரப்பர், ஈரத்தில் பிடிக்கணும்னா மெத்து ரப்பர். ரெண்டும் ஒரே டயரில் முழுசா கிடைக்காது. தினம் 50 ஓடுற வண்டிக்கு நடுத்தரம் போதும்.

பஞ்சர்_ஒட்டறவன்:
மேல சொன்னதுல எல்லாம் சரி. காத்து விஷயம் யாரும் சொல்லல, நடு மொட்டை ஆனதுக்குக் காரணமே அதுவா இருக்கலாம். காத்து கூட இருந்தா நடு தேயும், கம்மியா இருந்தா ரெண்டு ஓரமும் தேயும். (நேர் ரோட்லயே ஓடற வண்டிக்கு நடு கொஞ்சம் முந்தித் தேயறது சகஜம்.)

உங்க வண்டிக்கு முன்னாடி 25, பின்னாடி ஒருத்தர் போனா 28, ரெண்டு பேர்னா 32 பி.எஸ்.ஐ. எதுக்கும் வண்டி மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாத்துக்குங்க. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கற அளவுதான் கணக்கு. நம்ம ஊர் மே மாச வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு சிப்காட்லேர்ந்து வந்து பங்க்ல பாத்தா டயர் சூட்டுல நாலு பி.எஸ்.ஐ. வரைக்கும் கூட காட்டும். அதிகமா இருக்குதுன்னு இறக்கிட்டீங்கன்னா மறுநாள் காலையில 28 இருக்க வேண்டிய இடத்துல 24 நிக்கும். அந்தக் கம்மிக் காத்துல ரெண்டு பேர் ஏறினா பக்கச் சுவர் மடங்கி மடங்கி சூடேறி உள்ள நூல் விட்டுடும். சூட்டுல கொதிக்கறது டயர், காத்தைத் திட்டாதீங்க.

ஆணி குத்தினா உடனே புடுங்காதீங்க. டியூப்லெஸ்ல அதுவே அடைப்பு. மெதுவா கடை வரைக்கும் வரலாம். தரையில படற பாகத்துல 6 மி.மீ-க்குள்ள ஓட்டைன்னா பிளக் போடலாம். ஓரம், பக்கச் சுவர்னா கிடையாது, எவன் போட்டுத் தரேன்னு சொன்னாலும் கேக்காதீங்க. ஜெல் ஊத்தற பழக்கமும் வேணாம், ரிம் அரிக்கும்.

காட்பாடி_பல்சர்:
நன்றிங்க. 120-ஐ விட்டுட்டேன். ரெண்டு சந்தேகம். கடையில 0923-னு எழுதின 100/90 ஒண்ணு தள்ளுபடியில தர்றாங்க. வாசல்ல தொங்குது. எடுக்கலாமா? முன் டயர் வண்டியோட வந்தது, பட்டன் நல்லாவே இருக்குது, அதை மாத்தணுமா?

நாலாவது_கியர்:
0923 என்றால் 2023-ம் ஆண்டின் 9-வது வாரம். கிடங்கில் இருட்டில் அடுக்கி வெச்சிருந்தால் ரெண்டு வருஷம் பழசு பெரிய குத்தமில்லை. வாசலில் தொங்கினது வேற கதை. வெயிலும், பக்கத்தில் ஓடுற மோட்டார், வெல்டிங்கிலிருந்து வரும் ஓசோனும் ரப்பரை இறுக்கிடும். கால்வாய்க்குள் விரலால் விரிச்சுப் பாருங்க, மயிரிழை வெடிப்பு தெரிந்தால் தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். அரக்கோணம் பக்கம் இச்சிப்புத்தூரிலேயே எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கு, அதனால் வேலூரில் சரக்கு எப்பவும் புதுசாத்தான் இருக்கும் என்று கடையில் சொன்னாலும் நாலு எண்ணைப் படிக்காமல் காசு கொடுக்காதீங்க. கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15627 என்ற எண்ணும் இருக்கணும்.

முன் டயரை மாத்துங்க. பட்டன் இருக்கு என்பது பாதி பதில்தான். 2016-ல் செஞ்ச ரப்பர் இப்போ கல்லு. நகத்தால் அழுத்தினால் அமுங்காது. மழையில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால்தான் விழும், பின்னால் புதுசு போட்டுட்டு முன்னால் கல்லை வெச்சிருப்பது தலைகீழ் சிக்கனம். முன்னால் 80/100-17 அல்லது 2.75-17, இப்போ எது இருக்கோ அதே அளவு. சட்டக் கணக்குக்கு ரெண்டு சக்கர வண்டியில் பட்டன் ஆழம் 0.8 மி.மீ. வரை விடலாம். பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. (TWI) அல்லது முக்கோணக் குறிக்கு நேராகக் கால்வாயில் ஒரு சின்ன மேடு இருக்கும், தேய்மானம் அதைத் தொட்டால் முடிஞ்சது. ஆனா ஐப்பசி மழை வருது என்றால் 2 மி.மீ-க்குக் கீழே போனதுமே மாத்தறது நல்லது.

கொண்டைஊசி_14:
ஒண்ணில் மட்டும் மாறுபடறேன். ஏலகிரி அடிக்கடி போறவங்களுக்கு நடுத்தர ரப்பர் போதும் என்று அவ்வளவு சுலபமாச் சொல்ல முடியாது. பதினாலு கொண்டை ஊசியிலும் இறங்கும்போது தேயறது ஓரம். ஓரப் பட்டன் நல்லா ஏறி வந்திருக்கிற, வட்டமான டயரா எடுங்க. வருஷத்தில் ரெண்டு தடவைதான் என்றால் விடுங்க.

மாட்டும்போது கடையில் நின்னு பாருங்க:
அம்புக்குறி சக்கரம் உருளும் திசையில் இருக்கணும். சில டயரில் முன், பின் என்று ரெண்டு அம்பு, எதிர் எதிர்த் திசையில் இருக்கும். ரப்பர் வால்வு புதுசு போடச் சொல்லுங்க, பழசை விட்டால் அடுத்த மாசம் காத்து கசியும். விளிம்புக்குச் சோப்புத் தண்ணி மட்டும், கிரீஸோ கழிவு ஆயிலோ தடவ விடாதீங்க. காத்தடிச்ச பிறகு ரிம்மை ஒட்டி ஓடுற மெல்லிய கோடு சுத்தி ஒரே இடைவெளியில் தெரியணும். ஒரு பக்கம் உள்ளே போயிருந்தால் காத்தை இறக்கி மறுபடி.

பின் சக்கரம் கழட்டினதோட, செயின் இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்கற கப்ளிங் ரப்பரையும் பேரிங்கையும் ஆட்டிப் பாத்துடுங்க. செயின் தளர்வு 25 முதல் 35 மி.மீ., பின் சக்கரத்தைத் தாங்கற ஸ்விங் ஆர்மில் ரெண்டு பக்கக் கோடும் ஒரே எண்ணில். டிரம் பிளேட்டைப் பிடிக்கிற டார்க் ராடு இருந்தால் அதன் நட்டும் பின்னும் திரும்பப் போட்டாச்சா என்று உங்க கண்ணால் பாருங்க. அதை மறந்தால் முதல் பிரேக்கில் பிளேட் சுத்தி சக்கரமே பூட்டிக்கும்.

புது டயரின் மேல்தோல் வழவழப்பா இருக்கும். முதல் 150 கி.மீ. சாய்க்காம, திடீர் பிரேக் இல்லாம ஓட்டுங்க. உங்களுக்கு சிப்காட் மூணு நாள் போய் வந்தா சரியாப் போச்சு, அப்புறம் ஏலகிரி.