கேள்வி–பதில் பக்கத்தில் குறைகளையும் எழுதலாமா?

ஆத்தங்குடி கல் பட்டறை
தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கையால் வார்த்து விற்கும் எங்கள் பட்டறைக்கு இணையதளம் தயாராகிறது. தளம் அமைத்துத் தருபவர், ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்ற தலைப்பில் இருபது கேள்வி–பதில்களைத் தாமே எழுதி அனுப்பியிருக்கிறார். ‘உங்கள் கற்கள் ஏன் சிறந்தவை?’, ‘உங்கள் தரத்தின் ரகசியம் என்ன?’ என்ற போக்கில் அவை உள்ளன. இவற்றை அப்படியே போடலாமா, அல்லது அந்தப் பகுதியே வேண்டாமா?

காரைக்குடி பலகார ஆச்சி
‘உங்கள் தரத்தின் ரகசியம் என்ன?’ என்று எந்த வாடிக்கையாளர் கேட்டார், தம்பி? என்னிடம் கேட்பதெல்லாம் சீப்புச் சீடை எத்தனை நாள் தாங்கும், எந்த எண்ணெயில் சுட்டது, சிங்கப்பூருக்கு அனுப்பினால் நொறுங்காமல் போய்ச் சேருமா என்பவைதான். உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எடுத்து எழுதுங்கள். தற்புகழ்ச்சிக்கு முகப்புப் பக்கம் இருக்கிறது.

தேவகோட்டை கட்டுமானப் பொருள் வணிகர்
ஆச்சி சொல்வது பலகாரத்துக்குப் பொருந்தும். கல் வியாபாரத்தில் வரும் கேள்விகள் நிறம் மாறுமா, உடையுமா, கறை பிடிக்குமா என்பவை. இவற்றுக்கு உண்மையான பதிலை எழுத்தில் கொடுத்தால், படிப்பவர் அடுத்த நிமிடமே இயந்திரத்தில் செய்த டைல்ஸைத் தேடிப் போய்விடுவார். இவையெல்லாம் தொலைபேசியில், ஆளறிந்து பக்குவமாகச் சொல்ல வேண்டியவை. எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து நாங்கள் அப்படித்தான் விற்கிறோம்.

பள்ளத்தூர் தள வடிவமைப்பாளர்
அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. தொலைபேசியில் பேசுபவரிடம் பக்குவமாகச் சொல்லலாம். பேசாமலேயே பக்கத்தை மூடிவிட்டுப் போகிறவரிடம் யார் சொல்வது? ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறக் கலவையைக் கையால் ஊற்றி, அதன் முதுகில் சிமென்ட்டும் மணலும் இட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது. ‘கல்லுக்குக் கல் நிறம் மாறுமா?’ என்ற கேள்விக்கு, ‘ஆம், சற்று மாறும், நிறம் கையால் ஊற்றப்படுகிறது, ஒரே அறைக்கான கற்களை ஒரே முறையில் வாங்குங்கள்’ என்று காரணத்தோடு எழுதினால், அது குறையாகத் தெரியாது. அந்தக் காரணத்துக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு.

சட்டமும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் திருப்பியெடுத்தல், பணம் திருப்பித் தருதல், அனுப்பும் முறை, குறைதீர்ப்பு ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும்; விளம்பரத்தில் காட்டிய தன்மையில் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கவும் கூடாது. படத்தில் ஒரு சிவப்பையும் லாரியில் வேறொரு சிவப்பையும் காட்டிவிட்டு, ‘தொலைபேசியில் சொன்னேனே’ என்பதற்குச் சாட்சி ஏது?

கூகுள் தேடல் முடிவில் தளத்தின் பெயருக்குக் கீழேயே கேள்விகள் விரிந்து தெரியும் என்பதற்காகத்தான் இருபது கேள்விகள் எழுதப்பட்டிருந்தால், அந்தச் சலுகையை பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் 2023 ஆகஸ்டிலேயே சுருக்கிவிட்டது.

தேவகோட்டை கட்டுமானப் பொருள் வணிகர்
சட்டம் கேட்பதை எழுதட்டும். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கேள்விப் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும் நிற விளக்கத்தை எவர் படிப்பார்? படத்தைப் பார்த்தவுடன் பணம் கட்டுகிறவர் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

பள்ளத்தூர் தள வடிவமைப்பாளர்
இது நியாயமான மறுப்பு. அப்படியானால் நிற விளக்கம் ஒவ்வொரு கல்லின் படத்துக்கும் கீழே, விலைக்குப் பக்கத்தில் வரட்டும். எல்லாக் கற்களுக்கும் பொதுவான உடைசல், கூடுதலாக வாங்க வேண்டிய அளவு, பராமரிப்பு ஆகியவை மட்டும் கேள்விப் பக்கத்தில் நிற்கட்டும். எட்டுப் பத்து கேள்விகள் போதும்.

ஆத்தங்குடி கல் பட்டறை
பராமரிப்பு என்றதும் ஒன்று. தரை பதித்து முடித்த கொத்தனார் சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிவிடுகிறார். மேல்நிறம் அரித்து வெளுத்துப் போகிறது. பழி எங்கள் மேல் விழுகிறது. இதுதான் எங்களுக்கு அதிகம் வரும் அழைப்பு. தளம் அமைப்பவரின் இருபதில் இது இல்லை.

காரைக்குடி பலகார ஆச்சி
அதை முதல் கேள்வியாகப் போடுங்கள், தம்பி. வாங்குபவர் கொத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பும்படி, ‘ஆசிட் கூடாது’ என்ற இரண்டு சொற்களில் பதில் தொடங்கட்டும். விளக்கம் பிறகு வரலாம்.

தேவகோட்டை கட்டுமானப் பொருள் வணிகர்
ஆசிட் விஷயத்தில் நானும் உடன்படுகிறேன். ஆனால் லாரி வாடகையை மட்டும் பக்கத்தில் போடாதீர்கள். டீசல் விலை மாறும். பழைய தொகையைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள்.

காரைக்குடி பலகார ஆச்சி
தொகை வேண்டாம். எடை, தூரம், இறக்குகூலி யாருடையது என்ற மூன்றையும் எழுதிவிட்டு, வாடகை கேட்க ஓர் எண்ணைக் கொடுங்கள். இறக்குகூலியை மறந்துவிட்டால் லாரி வாசலில் நிற்கும்போது பேச வேண்டியிருக்கும்.