லண்டன் கொம்பி பொயிலர் கோண்டாவில் கிணற்று நீருக்கு ஒத்துவருமா?

கோண்டாவில் வாசி:
அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. மூட்டுவாதம் இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் குளிர்ந்த நீரில் அவரால் குளிக்க முடிவதில்லை. அடுப்பில் சுடவைத்த நீரைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்றபோது சென்ற ஆண்டு என் மனைவியின் காலில் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து இதற்கு ஒரு நிரந்தர வழி தேடுகிறோம். லண்டனிலுள்ள அண்ணா, பெட்டி பிரிக்காத 24 கிலோவாற்று கொம்பி பொயிலர் (எரிவாயுவால் அறைகளையும் குழாய்நீரையும் சூடாக்கும் கருவி) ஒன்றை அடுத்த மாதம் கப்பலில் அனுப்புவதாகக் கூறுகிறார். எங்களுடையது மாடியில்லாத வீடு. கிணற்றிலிருந்து மோட்டர் மூலம் கூரைமேலுள்ள 1000 லீற்றர் தாங்கிக்கு நீர் ஏறுகிறது. தாங்கியின் அடி, சவரிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த நீரமைப்பு அக்கருவிக்குப் போதுமா? போதாவிட்டால் எதை மாற்றவேண்டும்?

சுன்னாகம் குழாய்வேலை:
தம்பி, கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் நீரை அளந்துகொள்வோம். நீர்மட்டம் பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் கீழே ஏறக்குறைய ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் கிடைக்கும். உங்களுடைய இரண்டரை மீற்றருக்குக் கிடைப்பது கால் பார் மட்டுமே. தாங்கி நிரம்பியிருந்தாலும் இன்னும் சிறிதளவே கூடும். பத்து லீற்றர் வாளி ஒன்றைச் சவரின் கீழ் வைத்து, அது நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு சவரின் தலையைக் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். கேத்தலின் உட்புறத்தையும் கவனியுங்கள். வெள்ளைப் படிவு எவ்வளவு விரைவில் கட்டுகிறது என்பது மிக முக்கியம். கடைசியாக, நீரில் உவர்ப்பு இருக்கிறதா?

கோண்டாவில் வாசி:
மிக்க நன்றி ஐயா. சவரோடு 130 வினாடியும் தலையைக் கழற்றியபின் 55 வினாடியும் ஆயின. கேத்தலைக் கழுவி இரண்டு கிழமைக்குள் முட்டைக்கோதுபோல் படிவு கட்டிவிடுகிறது. உவர்ப்பு இல்லை. முன்பு கொடுத்துச் சோதித்த அறிக்கையில் நீரின் மொத்த வன்மை (சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு) லீற்றருக்கு 380 மில்லிகிராம் என்று இருக்கிறது. வெப்பமானியால் பார்த்ததில் விடிகாலையில் குழாய்நீர் 27 பாகையும், நண்பகலில் 36 பாகையும் காட்டியது.

உரும்பிராய் – லண்டன்:
நான் இங்கே பல ஆண்டுகளாகப் பொயிலர் பொருத்தும் வேலை செய்பவன். உங்கள் அண்ணாவின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அதைக் கப்பலில் ஏற்றவேண்டாம் என்றே சொல்லுவேன்.

கொம்பி பொயிலருக்குள் இரண்டு நீர்ச்சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று, அறைகளைச் சூடாக்கும் ரேடியேற்றர்களுக்குப் போய்த் திரும்பும் மூடிய சுற்று. மற்றது, குழாயில் திறந்து பயன்படுத்தும் சுடுநீர். கருவிக்குள்ளிருக்கும் எரிவாயு அடுப்பின் வெப்பம் முதலில் மூடிய சுற்றின் நீருக்குப் போய், அந்த நீர்தான் ஒரு தகட்டு வெப்பமாற்றியின் வழியாகக் குழாய்நீரைச் சூடாக்குகிறது. எனவே உங்கள் வீட்டில் ரேடியேற்றர் ஒன்றுகூட இல்லாவிட்டாலும், அந்த மூடிய சுற்றை நீரால் நிரப்பி, குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை அழுத்தத்தில் வைத்திருக்கவேண்டும். அழுத்தம் மிகக் குறைந்தால் கருவி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். லண்டனில் அந்தச் சுற்றைத் தெருக்குழாயின் அழுத்தத்தைக் கொண்டே நிரப்புகிறோம். கால் பார் தரும் தாங்கியால் ஒரு பாரை நிரப்ப முடியாது. சுடுநீர் வாங்குவதற்கு முன்பே, கருவியை இயக்குவதிலேயே நீங்கள் நின்றுவிடுவீர்கள்.

இரண்டாவது, வெப்பக் கணக்கு. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 0.07 கிலோவாற்று வேண்டும். இங்கே மாரியில் குழாய்நீர் ஐந்தாறு பாகைக்கு இறங்கிவிடுவதால், அதை 35 பாகை உயர்த்தி நிமிடத்துக்கு 9.8 லீற்றர் கொடுப்பதற்கே அந்த 24 கிலோவாற்று. உங்களுக்கோ நீர் 27 பாகையில் வருகிறது. சவரில் வரும் 4.6 லீற்றரை 38 பாகைக்கு உயர்த்த மூன்றரை கிலோவாற்றுப் போதும். பல கொம்பிகள் 5 கிலோவாற்றுக்குக் கீழே இறங்கமாட்டா. ஆகவே நீர் அளவுக்கு மீறிச் சூடாகி, கருவி அணைந்து, மறுபடியும் பற்றி, அம்மாவின் தலையில் ஒரு கணம் சுடுநீரும் மறுகணம் குளிர்நீருமாக விழும். முதியவருக்கு அது ஆபத்து.

எரிவாயுவையும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள வீட்டுக் குழாய்களில் வருவது இயற்கை வாயு, அங்கே சிலிண்டரில் கிடைப்பது திரவமாக்கிய பெற்றோலிய வாயு. உற்பத்தியாளர் அந்த வாயுவுக்கென அனுமதித்த உதிரிப் பாகங்களுடன், பயிற்சி பெற்றவர் மாற்றி அமைக்காத பொயிலரை அதில் இணைப்பது நச்சுவாயுவையும் தீயையும் வீட்டுக்குள் அழைப்பதாகும்.

கோண்டாவில் வாசி:
விளக்கத்திற்கு மிகுந்த நன்றி அண்ணா. அழுத்தத்துக்கு ஒரு பம்பு பூட்டினால் முதலாவது சிக்கல் தீருமல்லவா?

சுன்னாகம் குழாய்வேலை:
தாங்கியின் அடியில் பம்பு வைத்து ஒன்றரை பார் கொடுக்கலாம், அழுத்தம் சரியாகிவிடும். ஆனால் நீரின் வன்மை அப்படியே இருக்கும். நமது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே தங்கியிருப்பது; குடிநீருக்கான இலங்கைத் தரம் வன்மைக்கு வைத்திருக்கும் 250 மில்லிகிராம் எல்லையையே உங்கள் கிணறு தாண்டிவிட்டது. நீர் சூடேறச் சூடேறச் சுண்ணாம்பு வேகமாகப் படியும். தகட்டு வெப்பமாற்றியின் வழிகள் மிக ஒடுக்கமானவை. கேத்தலில் இரண்டு கிழமையில் கட்டுவது அதற்குள் கட்டினால் கழுவி எடுப்பது கடினம். வன்மையைக் குறைக்கும் மென்னீராக்கும் கருவி வைத்தால் அதற்கு உப்பு வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அந்த நீரில் சோடியம் கூடுவதால் குடிப்பதற்கு வேறு குழாயும் இழுக்கவேண்டும். ஒரு முதியவரின் குளியலுக்காக இவ்வளவு பூட்டுவது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

நான் பரிந்துரைப்பது, உள்ளேயே சிறு பம்பு கொண்ட, மூன்றரை கிலோவாற்று உடனடி மின் சூடாக்கி. அதிலும் சுண்ணாம்பு படியும். ஆனால் வெப்பநிலை 40 பாகைக்கு மேல் வைக்காவிட்டால் குறைவாகவே படியும், பழுதுபட்டாலும் மாற்றும் செலவு தாங்கக்கூடியது. அதற்குப் பதினைந்து அம்பியர் மின்னோட்டம் வேண்டியிருப்பதால் மின்பலகையிலிருந்து தனி வயர் இழுக்கவேண்டும்; வீட்டு இணைப்பு 30 அம்பியராக இருந்தால் அதே நேரத்தில் மோட்டரையும் கேத்தலையும் போடக்கூடாது. வெயிலை நம்பி சூரிய சூடாக்கி வைப்பவர்களும் உண்டு. குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த வகை உங்கள் தாங்கியோடு ஒத்துப்போகும். ஆனால் அதன் நீர் மிகவும் கொதிப்பாக வரும். சுடுநீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் போடக்கூடாது, குளிர்நீரோடு கலந்து கொடுக்கும் வால்வும் கட்டாயம். மூடிய குளியலறைக்குள் எரிவாயுச் சூடாக்கியை மட்டும் யார் சொன்னாலும் வைக்காதீர்கள்.

பருத்தித்துறை வாசகி:
கரையோரத்தில் இருப்பவர்கள் வேறொன்றையும் பார்க்கவேண்டும். எங்கள் கிணற்றில் கோடையில் உவர் ஏறும். உப்பு நீர் உலோகத்தை அரிப்பதால் எங்கள் முதல் சூடாக்கியின் தாங்கி துளைபட்டது. மென்னீராக்கி குளோரைட்டை நீக்காது. ஆகவே நீரைச் சோதிக்கக் கொடுப்பவர்கள் வன்மையோடு குளோரைட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கோண்டாவில் வாசி:
அண்ணாவோடு பேசிவிட்டேன். பொயிலரை அங்கேயே தேவையான ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். சுன்னாகம் ஐயா சொன்ன மின் சூடாக்கியை வாங்குகிறோம். எங்கள் வீட்டு வயரிங் பழையது; பூட்டுவதற்கு முன் எதைப் பார்க்கவேண்டும்?

சுன்னாகம் குழாய்வேலை:
முதலில் மின்பலகையில் ரிப் சுவிச்சு (மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிச்சு) இருக்கிறதா என்றும், அது 30 மில்லி அம்பியருக்கு விழும் வகையா என்றும் பாருங்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தும்போது உடனே விழவேண்டும். விழாவிட்டால் அதை மாற்றி, புவித்தொடுப்பையும் (எர்த்) ஒரு மின்னியலாளரைக் கொண்டு அளப்பித்த பின்னரே சூடாக்கியைச் சுவரில் ஏற்றுங்கள்.