லேப்டாப் ஹார்டு டிஸ்க் மாத்தணும், எது நம்பி வாங்கலாம்?

2014 மாடல் லேப்டாப்புங்க, டிஸ்க் டக்கு டக்குன்னு சத்தம் போடுது, விண்டோஸ் வர்றதுக்குள்ள டீயே போட்டு குடிச்சிரலாம். 1 டிபி வேணும், நாலஞ்சு வருஷம் தாங்கணும்.

பதில் 1: சத்தம் வந்துருச்சா, மொதல்ல போட்டோ ஃபைல் எல்லாம் காப்பி எடுங்க ப்ரோ, வாங்குறது அப்புறம். திரும்ப சுத்துற டிஸ்க் வேணாம், 2.5 இன்ச் சாட்டா (பழைய டிஸ்க் மாட்டுற அதே கனெக்டர்) எஸ்எஸ்டி போடுங்க, அது சுத்துற பாகமே இல்லாம சிப்ல சேமிக்கிற டிஸ்க், 5400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 5400 சுத்து) டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பின்னு உருளும், இது 500ஐ தாண்டும்.

பதில் 2: எஸ்எஸ்டி மட்டும் சாகாவரமா வாங்கிட்டு வந்துச்சு? என்னோடது ஒருநாள் சொல்லாம கொள்ளாம போயிருச்சு, ஹார்டு டிஸ்காவது சத்தம் போட்டுட்டு சாகும். வாரண்டி 3 வருஷமா 5ஆ, டிபிடபிள்யூ (மொத்தம் எத்தனை டிபி எழுதலாம்னு கம்பெனி சொல்ற கணக்கு) எவ்ளோன்னு பாருங்க, பேக்கப் தனியா வைங்க.

கேட்டவர்: பழசு 9.5 எம்எம் தடிமன், உக்காருமா?

பதில் 1: எஸ்எஸ்டி 7 எம்எம்தான், லூசா இருந்தா ஸ்பேசர் (இடைவெளிய அடைக்கிற சின்ன ஃபிரேம்) ஒட்டிருங்க.