மூங்கிலும் பாலித்தீனும் வைத்து ரோகாலோ இறக்கை மாதிரி: அளவுகளும் தலைகுப்புறப் பாய்ச்சலும்

பட்டப்பிரியன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து, ஆரம்பகால ஹேங் கிளைடர் (ஆள் கீழே தொங்கியபடி பறக்கும் எஞ்சினில்லா இறக்கை) ஒன்றின் மாதிரி செய்யப் போகிறோம். ஆள் ஏறுவதற்கு அல்ல. நடுத்தண்டு ஒன்றேகால் மீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒரு பொம்மையைத் தொங்கவிட்டுத் திடலில் பறக்கவிட வேண்டும், அவ்வளவுதான். 1960களில் கலிஃபோர்னியாவில் மூங்கிலும் பாலித்தீன் தாளும் வைத்தே ஆட்கள் பறந்ததால் அதையே எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைகள் முதலில் கேட்ட கேள்விக்கே என்னிடம் சரியான பதில் இல்லை. ஜெர்மனியின் கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் 1896 வரை ஏறத்தாழ 2000 முறை சறுக்கிப் பறந்தார். அப்படியிருக்க இந்த விளையாட்டு பரவ ஏன் எழுபது ஆண்டுக்கு மேல் ஆனது? நாங்கள் செய்யப்போகும் ரோகாலோ இறக்கை, அதாவது மூக்கிலிருந்து பிரியும் மூன்று தண்டுகளில் விரித்த பாய், அதுவரை வராததுதான் காரணமா?

அடுத்தது, பாயை எந்த அளவில் வெட்டுவது, எடையை எங்கே தொங்கவிடுவது? கடைசியாக, பழைய ரோகாலோக்கள் தலைகுப்புறப் பாய்ந்தால் மீளாது என்கிறார்களே, அது ஏன்? பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாமல் செய்து காட்ட வழி உண்டா?

தக்கைச்சிறகு எழுதியது:

இறக்கையை விட்டுவிட்டு, அதன் கீழே ஆள் எப்படித் தொங்கினார் என்று பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

லிலியந்தால் விற்பனைக்கும் செய்த கிளைடரின் அகலம் 6.7 மீட்டர், பரப்பு சுமார் 13 சதுர மீட்டர், எடை 20 கிலோ அளவு. வில்லோ மரக் குச்சிகள், மேலே பருத்தித் துணி. முன்கைகளை இறக்கைச் சட்டத்துக்குள் நுழைத்து, முழங்கைகளில் தன் எடையைத் தாங்கித் தொங்குவார். தோளும் மார்பும் சட்டத்தோடு கிட்டத்தட்ட பூட்டப்பட்ட மாதிரி. தாராளமாக ஆட்ட முடிந்தது இடுப்புக்குக் கீழே மட்டும்.

கணக்கைப் பிள்ளைகளிடமே போடச் சொல்லுங்கள். ஆள் 80 கிலோ, இறக்கை 20 கிலோ, மொத்தம் 100. கால்கள் உடலெடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 27 கிலோ என்று வையுங்கள். கால்களை 30 செ.மீ. வீசினால் மொத்த எடை மையம் நகர்வது 27 × 30 ÷ 100, ஏறத்தாழ 8 செ.மீ. மட்டுமே. 1896 ஆகஸ்ட் 9 அன்று ரைனோவ் குன்றுகளில் காற்று இறக்கையின் மூக்கைத் தூக்கி நிறுத்தியபோது, அந்த 8 செ.மீ. போதவில்லை. இறக்கை ஸ்டாலாகி, அதாவது தூக்குவிசையை இழந்து, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்தார்.

இனி ரோகாலோவுக்கு வருவோம். பிரான்சிஸ் ரோகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948இல் வீட்டுத் திரைச்சீலையை வெட்டிப் பட்டமாகப் பறக்கவிட்டார்கள். 1951இல் காப்புரிமை கிடைத்தது. பின்னால் நாசா இதை விண்கலத்தைத் தரையிறக்கும் இறக்கையாகச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. வரிச்சுகளே இல்லாமல், காற்றே பாய்க்கு வடிவம் கொடுப்பதுதான் இதன் அழகு. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் 1960களின் நடுவில் ரிச்சர்ட் மில்லர் இதே வடிவத்தில் மூங்கிலால் செய்த 'பாம்பூ பட்டர்ஃபிளை'யிலும் ஆள் இரண்டு இணைக் கழிகளை அக்குளில் இடுக்கித்தான் தொங்கினார். இறக்கை புதியது. தொங்கும் முறை லிலியந்தால் காலத்தது.

முடிச்சு அவிழ்ந்தது ஆஸ்திரேலியாவில். நியூ சவுத் வேல்ஸின் கிராஃப்டன் ஊரில் ஜக்கரண்டா திருவிழாவின் நீர்ச்சறுக்குக் காட்சிக்காக ஜான் டிக்கன்சனிடம் பட்டம் ஒன்று கேட்டார்கள். அதுவரை படகுக்குப் பின்னால் இழுத்தவை தட்டைப் பட்டங்கள், அடக்க முடியாதவை. ரோகாலோ இறக்கையின் படத்தை ஒரு பத்திரிகையில் பார்த்த டிக்கன்சன் அதன் கீழே முக்கோணச் சட்டத்தைப் பொருத்தினார். ஆளை ஒரே புள்ளியிலிருந்து ஊசல்போலத் தொங்கவிட்டார். 1963 செப்டம்பரில் கிளாரன்ஸ் ஆற்றின் மேல் ராட் ஃபுல்லர் அதை ஓட்டினார்.

ஒரே புள்ளியில் தொங்கும் ஆள் சட்டத்தைத் தள்ளினால் முழு உடலும் நகரும். 45 செ.மீ. நகர்ந்தால் 80 × 45 ÷ 100, அதாவது 36 செ.மீ. லிலியந்தாலுக்குக் கிடைத்ததைப் போல நாலு மடங்குக்கு மேல்! எடையை அவர் தொங்கும் வார் தாங்குவதால் கைக்கு ஓட்டுகிற வேலை மட்டுமே மிச்சம். அதே முக்கோணத்தின் கீழ்மூலைகளிலிருந்துதான் முன்விளிம்புத் தண்டுகளுக்கும் மூக்குக்கும் வாலுக்கும் கம்பிகள் போகின்றன. ஆகவே இறக்கையைத் தாங்கும் எலும்பும் அதுவே. ஒரு துண்டுச் சட்டம் மூன்று வேலை செய்கிறது. இந்தத் துறையில் இதைவிடச் சிக்கனமான யோசனையை நான் பார்த்ததில்லை.

பழையபட்டம் எழுதியது:

தக்கைச்சிறகு சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முக்கோணச் சட்டம் டிக்கன்சனுக்கு முன்பும் இருந்தது. முதல் உலகப்போருக்கு முன்பே பிரெஸ்லாவ் நகர கிளைடர் சங்கத்தினர் அதுமாதிரி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். ரோகாலோ இறக்கையில் ஓடிப் பறந்ததிலும் கலிஃபோர்னியாவின் பாரி பாமர் 1961லேயே முந்திக்கொண்டார், அலுமினியக் குழாயும் பாலித்தீனும் வைத்து. டிக்கன்சனின் வடிவம் நிலைத்ததற்குக் காரணம், அதைக் கையிலெடுத்த பில் மாய்ஸ், பில் பென்னட் போன்ற நீர்ச்சறுக்கு வீரர்கள் ஊர் ஊராகப் பறந்து காட்டியது. பென்னட் 1969இல் அமெரிக்காவுக்கே கொண்டுபோனார்.

விசித்திர வடிவம் வேண்டுமென்றால் பிள்ளைகளுக்கு இரண்டைக் காட்டுங்கள். 1904இல் பிரான்ஸின் பெர்க் கடற்கரையில் ழான் லாவெசாரி இரட்டைப் படகுப்பாய் கட்டிப் பறந்தது ஒன்று. ஃபோக்கர் நிறுவனத்தின் ரைன்ஹோல்ட் பிளாட்ஸ் 1920களின் தொடக்கத்தில் செய்த பாய்க்கிளைடர் மற்றொன்று. அதில் முன்னால் இருந்த இரண்டு சிறு பாய்களைக் கையால் திருப்பி ஓட்டுவார்கள். இரண்டுமே துணிப்பாய்க்குக் காற்றே வடிவம் கொடுக்கும் என்று ரோகாலோவுக்கு முன்னரே நம்பியவை.

மூங்கில்பட்டறை எழுதியது:

அளவுக்கு வருகிறேன். 1970களின் தொடக்க ரோகாலோவின் நடுத்தண்டும் இரு முன்விளிம்புத் தண்டுகளும் ஒரே நீளம், 5.5 மீட்டர் அளவு. சட்டத்தில் மூக்குக் கோணம், அதாவது இரு முன்விளிம்புத் தண்டுகளுக்கு இடையிலான கோணம், 80 பாகை. பாயை மட்டும் 88 பாகைக்கு வெட்டுவார்கள். பக்கத்துக்கு 4 பாகை உபரி. அந்த உபரிதான் காற்றில் புடைத்து இரண்டு கூம்புகளாக நிற்கிறது.

உங்களுக்கு 1.2 மீட்டர் தண்டு வசதி. 8 மி.மீ. தடிமனில் மூங்கில் குச்சி, 1.2 மீட்டரில் மூன்று, 85 செ.மீ.யில் ஒன்று. 50 மைக்ரான் பாலித்தீன் தாள் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர். பேக்கிங் டேப், கெட்டி நைலான் நரம்பு, மணல் அல்லது நட்டு-போல்ட் எடை. எல்லாம் சேர்ந்து சட்டமும் பாயும் 270 கிராம் பக்கம் வரும். பொம்மை 700 கிராம். மொத்தம் ஒரு கிலோ, பாயின் பரப்பும் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். முழு அளவு கிளைடரைச் சரியான விகிதத்தில் சுருக்கினாலும் இந்த எடைதான் வரும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், பிள்ளைகள் கூடவே ஓடும் அளவுக்குப் பறக்கும்.

குச்சியைத் தேர்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்விளிம்புக்கு எடுக்கும் இரண்டையும் இரு முனையில் தாங்கி, நடுவில் 200 கிராம் தொங்கவிட்டு எவ்வளவு வளைகிறது என்று அளவெடுங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் என்றால் வேறு குச்சி தேடுங்கள். ஒரு பக்கம் அதிகம் வளைந்தால் அந்தப் பக்கப் பாய் தளர்ந்து, இறக்கை அங்கேயே திரும்பிக்கொண்டிருக்கும். எடையை எங்கே நகர்த்தினாலும் அது முழுசாகத் தீராது. அடிப்பக்கம் தடித்த குச்சி என்றால் இரண்டின் தடித்த முனையும் மூக்குப் பக்கமே வரட்டும்.

பாய் வெட்டக் கோணமானி தேவையில்லை. தாளின் நடுவே 1.2 மீட்டர் கோடு போடுங்கள். மூக்கு முனையிலிருந்து நூலால் 1.2 மீட்டர் வில், வால் முனையிலிருந்து 90 செ.மீ. வில். இரண்டும் வெட்டும் இடம் இறக்கை நுனி. மறுபக்கமும் அப்படியே. முன்விளிம்பில் தண்டு நுழைய 5 செ.மீ., பின்விளிம்பில் மடிக்க 2 செ.மீ. கூடுதலாக விடுங்கள். தைக்காதீர்கள். பாலித்தீனில் ஊசித்துளை வரிசை விழுந்தால் அந்த வரிசையிலேயே கிழியும். டேப் போதும். பின்விளிம்பு மடிப்பில் நீளவாக்கில் டேப் ஒட்டினால் படபடப்பு குறையும். படபடக்கும் பாய் இழுவையைக் கூட்டும்.

85 செ.மீ. குச்சிதான் குறுக்குத்தண்டு. அது முன்விளிம்பைத் தொடுவது மூக்கிலிருந்து 66 செ.மீ.யில். நடுத்தண்டை 50 செ.மீ.யை ஒட்டி வெட்டும். எல்லாம் கட்டியபின் நுனிக்கு நுனி 1.54 மீட்டர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூக்குக் கோணம் சரி.

முக்கோணம் உயரம் 30, அடி 30 செ.மீ. பொம்மையை நூலில் ஆடவிடாமல் முக்கோணத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். ஓட்ட ஆளில்லாத மாதிரியில் ஆடும் எடை இறக்கையையும் சேர்த்து ஆட்டும். எடையின் இடம் மூக்கிலிருந்து 50 செ.மீ.யில் தொடங்குங்கள். இந்த வடிவத்தின் தூக்குவிசை மையம் கணக்குப்படி அங்கே, நடுத்தண்டில் 42 விழுக்காட்டில் வருகிறது. மூக்கைத் தூக்கி நின்று பின்னால் சரிந்தால் எடையை 5 மி.மீ. முன்னே, மூக்கைக் குத்திக்கொண்டு ஓடினால் 5 மி.மீ. பின்னே. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். எதிர்க்காற்று மணிக்கு 5 முதல் 7 கி.மீ. இருக்கும் நேரம் நல்லது. மூக்கைச் சற்றே தாழ்த்தி, வீசாமல், ஓடிக்கொண்டே கையை விட வேண்டும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 6 முதல் 8 மீட்டர் போகும். அந்தக் கால முழு அளவு ரோகாலோவே உயரத்தைப் போல நாலு மடங்குதான் போனது.

பட்டப்பிரியன் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நூலால் வில் போடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உபரியை 4 பாகைக்குப் பதில் 1 பாகையாகக் குறைத்தால் இன்னும் தூரம் போகாதா? தலைகுப்புறப் பாய்வதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

காற்றுச்சுரங்கம் எழுதியது:

போகும். புடைப்பைக் குறைத்தால் சறுக்கு நீளும். 1970களின் நடுவில் எல்லாரும் போன வழி அது. ஆனால் புடைப்பு குறையக் குறைய இறக்கை நுனியின் முறுக்கு (நடுப்பகுதியைவிட நுனி தாழ்ந்த கோணத்தில் நிற்பது) குறைகிறது. நுனி முதலில் ஸ்டாலாகி ஒரு பக்கமாக விழத் தொடங்கும். முதல் மாதிரிக்கு 4 பாகையிலேயே இருங்கள்.

இனி பாய்ச்சல். ரோகாலோ பாய்க்கு வடிவம் கொடுப்பது கீழிருந்து தள்ளும் காற்று ஒன்றுதான். சாதாரணமாக இறக்கை 20 பாகைக்கு மேற்பட்ட தாக்குகோணத்தில் (இறக்கை எதிர்வரும் காற்றோடு செய்யும் கோணம்) பறக்கும். உங்கள் மாதிரியில் அப்போது பின்விளிம்பின் நடுப்பகுதி சட்டத்துக்கு மேலே 15 செ.மீ. புடைத்திருக்கும். ஏதோ காரணத்தால் மூக்கு செங்குத்தாகத் தாழ்ந்து தாக்குகோணம் சுழியத்தை நெருங்கினால் அந்தத் தள்ளல் போய்விடும். பாய் வெறும் கொடியாகப் படபடக்கும். மூக்கை மேலே தூக்க வேண்டிய விசை எதுவும் மிஞ்சாது.

ஓட்டுபவர் சட்டத்தைத் தள்ளி உடலைப் பின்னால் கொண்டுபோகலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். தக்கைச்சிறகு போட்ட 36 செ.மீ. கணக்கு, இறக்கை ஆளைத் தாங்கும்வரைதான் செல்லும். வார் இறுக்கமாக இருந்தால்தான் உடலெடை இறக்கையைத் திருப்பும். பாய் படபடத்து, ஆளும் இறக்கையும் சேர்ந்தே விழும்போது வாரில் இழுவிசை இல்லை. எவ்வளவு தள்ளினாலும் நெம்புகோலுக்கு விசை கிடையாது. 1970களின் தொடக்கத்தில் பல உயிர்கள் இப்படிப் போயின.

தீர்வு இரண்டு நரம்புதான். நடுத்தண்டின் மேல், குறுக்குத்தண்டு வெட்டும் இடத்தில் 30 செ.மீ. உயரக் குச்சி ஒன்றை நிறுத்துங்கள். அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு பக்கப் பின்விளிம்பின் நடுவுக்கும் ஒரு நரம்பு. பாயைக் கையால் சட்டத்துக்கு மேலே 5 செ.மீ. தூக்கிப் பிடித்தால் நரம்பு விறைப்பாக இருக்கும்படி முடிச்சுப் போடுங்கள். பறக்கும்போது பாய் 15 செ.மீ. எழுவதால் நரம்பு தளர்ந்துகிடக்கும், பறத்தலைக் கெடுக்காது. பாய் செத்துக் கீழே இறங்கினால் நரம்பு பின்விளிம்பைப் பிடித்து நிறுத்தும். நிமிர்ந்து நிற்கும் பின்விளிம்பில் காற்று மோதி வாலைக் கீழே அழுத்தும், மூக்கு எழும்பும். முழு அளவு கிளைடர்களில் இதோடு இறக்கை நுனியைத் தாங்கும் குச்சிகளும் வந்தன. இறக்கையை லாரி மேல் ஏற்றி ஓட்டி, ஒவ்வொரு கோணத்திலும் மூக்கை எழுப்பும் விசையை அளக்கும் சோதனையும் வந்தது.

உயரத்திலிருந்து போட்டுக் காட்ட வேண்டாம். அந்த லாரிச் சோதனையையே சின்னதாகச் செய்யலாம். பொம்மையையும் முக்கோணத்தையும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் கீழே இருக்கும் எடையே இறக்கையை நிமிர்த்திவிடும். நடுத்தண்டின் 50 செ.மீ. இடத்தைக் குறுக்காக ஒரு நீளக் கம்பியில், தாராளமாகச் சுழலும்படி மாட்டுங்கள். கம்பி இறக்கை அகலத்தைவிட நீளமாக இருக்கட்டும். அசைவற்ற காற்றில் வால் தாழும், மூக்கில் 20 கிராம் அளவுக்கு எடை ஒட்டிச் சமப்படுத்துங்கள். கம்பியின் இரு முனையை இருவர் பிடித்துத் திடலில் சீராக ஓட வேண்டும். மூன்றாமவர் கூடவே ஓடி, மூக்கைத் தாழ்த்திப் பிடித்து விட வேண்டும். நரம்பு இல்லாமல் ஒரு முறை, நரம்போடு ஒரு முறை. நரம்பைக் கட்டி அளவெடுக்கும்போது பாயைத் தூக்கும் உயரத்தை 3, 5, 7 செ.மீ. என்று மாற்றி, எப்போது மூக்கு தானே எழுகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பக்கக்காற்றில் செய்தால் விடை குழம்பும், எதிர்க்காற்றில் மட்டும் ஓடுங்கள்.

தக்கைச்சிறகு எழுதியது:

அருமையான சோதனை. பட்டப்பிரியன், உங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. ஜாக் லாம்பி என்ற கலிஃபோர்னிய ஆசிரியர் 1971இல் தன் ஆறாம் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து 'ஹேங் லூஸ்' என்ற இரட்டை இறக்கைக் கிளைடரைக் கட்டினார். மரச்சட்டம், கம்பி, பாலித்தீன், டேப், அதாவது உங்கள் பட்டியல்தான். அதன் வரைபடத்தை மூன்று டாலருக்கு விற்றார்கள். அதே ஆண்டு மே 23, லிலியந்தாலின் பிறந்தநாளன்று, நியூபோர்ட் பீச் குன்றில் இப்படிக் கட்டியவர்கள் எல்லாரும் கூடிப் பறந்தார்கள். காட்சிக்கு வைக்கக் கூடம் ஒன்று கிடைத்தால், உங்கள் ரோகாலோவுக்குப் பக்கத்தில் வைக்க அந்த இரட்டை இறக்கையையும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள். அதற்குக் குறுக்குக் கம்பிகளின் இறுக்கம்தான் முக்கியம். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே நீளமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் அளந்துகொண்டே கட்ட வேண்டும்.