அப்பா இசப்கோலுக்குத் தண்ணீர் குடிக்க மறுக்கிறார், யோசனை சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மலச்சிக்கல். டாக்டர் இசப்கோல் (தண்ணீரில் ஊறி உப்புகிற ஒரு விதையின் உமி, நார்ச்சத்து) எழுதிக் கொடுத்தார். ஒரு டீஸ்பூன், 240 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும்.

சிக்கலே அந்த 'உடனே'யில்தான். ராத்திரி எழுந்து போகணுமே என்று அப்பாவுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. டம்ளரை வைத்துவிட்டுப் பேப்பரை விரித்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் அது கரண்டி நட்டால் நிற்கிற பதத்துக்கு வந்துவிடும். அதைப் போய் விழுங்கப் பார்ப்பார், எனக்குப் பகீர் என்கிறது. தண்ணீர் போதாவிட்டால் இது தொண்டையிலோ குடலிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அத்தை வேறு, "வெறும் உமியை வாயில் போட்டுக்கோங்க அண்ணே" என்கிறார்!

பலன் தெரிய 12 மணி நேரம் முதல் 3 நாள் வரை ஆகலாம். அப்பாவோ மறுநாள் காலையிலேயே இரண்டு ஸ்பூன் கேட்கிறார்.

காலையில் கொடுத்துப் பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? நீர்மோரில் கலந்தால் ஒத்துக்கொள்கிறார்களா? அப்புறம், மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சர்க்கரை, பிரஷர், இரும்பு என்று மூன்று வேளையும் மாத்திரை இருக்கிற வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

விளக்கெண்ணெய், கடுக்காய் வைத்தியம் வேண்டாம். வயிற்றுவலி, வாந்தி, ரத்தம் என்று எது தெரிந்தாலும் நேரே டாக்டரிடம்தான்.